ஸ்பெயினுக்கும் சுவீடனுக்கும் இடையில்

மட்டக்களப்பில் ஒரு பையன் சோனி கொம்பனியின் பிளேஸ்டேஷன் கேம் கடையில் கணக்குத் திறக்க உட்கார்ந்தால், ஆரம்பத்திலேயே நாடு எது என்று கேட்கும். ஆங்கில அகர வரிசையில் நாடுகள் இறங்கிக்கொண்டே போகும். ஸ்பெயின் வரும். அடுத்தது சுவீடன். நாங்கள் இருக்க வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில். அங்கே ஒன்றும் இல்லை. பையன் பதறமாட்டான். அவனுக்கு முந்திய அண்ணன்மார் செய்ததையே அவனும் செய்வான். அமெரிக்கா என்று தட்டுவான், எங்கேயோ ஒரு ஊரின் தபால் எண்ணைத் தேடிப் போடுவான். 30000 என்ற தன் ஊர் எண்ணை அவன் அந்தப் படிவத்தில் ஒரு நாளும் எழுதப்போவதில்லை.

கடைக்குள் நுழைய வேறு வாசல் இல்லாததால் சொல்லும் பொய் இது. 2024 மே மாதம் வரை எங்களுக்குள் இது ஒரு பகிடி. அந்த மாதம் உலகச் செய்தியாகிவிட்டது.

ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் அந்த ஆண்டு பெப்ரவரியில் 40 டொலருக்கு வந்தது. செய்தது சுவீடனில் இருக்கும் ஆரோஹெட் ஸ்டூடியோ, வெளியிட்டது சோனி. நாலு பேர் சேர்ந்து வேற்றுக்கிரகப் பூச்சிகளைச் சுட்டுத் தள்ளுகிற, நல்ல கலகலப்பான கேம். கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்கள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி மூன்று மாதம் போல விளையாடியிருந்தார்கள். அப்போதுதான் சோனி அறிவித்தது: இனி கொம்பியூட்டர்காரரும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும். அந்தச் சேவை இல்லாத நாடுகளில் இருப்பவர்களுக்கு, காசு கொடுத்து வாங்கிய வீட்டின் பூட்டை மாற்றிவிட்டோம் என்று சொன்ன மாதிரி. 177 நாடுகளிலும் ஆட்புலங்களிலும் ஸ்டீம் கடையிலிருந்து கேம் மறைந்தது. ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கு மேல் கண்டன விமர்சனங்கள் குவிந்தன. சில நாட்களிலேயே சோனி பின்வாங்கியது. கணக்குக் கட்டாயம் போனது. விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை. அதே மாதம் கொம்பியூட்டருக்கு வந்த சோனியின் இன்னொரு கேமான கோஸ்ட் ஒஃப் சுஷிமாவும் இந்த நாடுகளில் விற்கப்படவில்லை.

கேமர்கள் எதற்கெடுத்தாலும் கத்துகிற கூட்டம் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் இந்தச் சத்தத்துக்கு அடியில் கிடப்பது ஒரே ஒரு மாற்றம்தான். முன்பு பொருளை விற்றார்கள், இப்போது அனுமதியை விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது இன்னும் கொஞ்சம் கசக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கப் பழகிய அதே காலத்தில் கடைக்காரன் பொருள் விற்பதை விட்டுவிட்டான்.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்த காலத்தில் டவுனில் இருந்த சிடிக் கடைகளில் நாங்கள் வாங்கியது எல்லாமே கொப்பி. வெள்ளை சிடியில் கறுப்பு மார்க்கரால் கேமின் பெயர், உறைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் சீரியல் கீ. வைஸ் சிட்டி, ஐஜிஐ, மோஸ்ட் வோண்டட். நெட் கஃபேயில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. எட்டு மெஷின் ஒரே வயரில், எதிரி பக்கத்துக் கதிரையில், தோற்றால் மண்டையில் ஒரு குட்டு. அந்தக் கேம்களைச் செய்தவர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு சதம் போகவில்லை. ஆனால் அந்த சிடி எங்கள் லாச்சிக்குள் இருந்தது. அது நாடு கேட்கவில்லை, இன்டர்நெட் கேட்கவில்லை, கீறல் விழும் வரை ஓடியது.

அப்புறம் வங்கி டெபிட் கார்டுகள் வந்தன, ஃபைபர் வந்தது, ஸ்டீம் தெற்காசியாவுக்கென்று ஒரு டொலர் விலை வைத்தது. சில கேம்கள் அந்த விலையில் நன்றாகக் குறையும், சிலது ஒரு சதம் குறையாது. அது வெளியிடுகிற கொம்பனியின் மனசைப் பொறுத்தது. பெரிய கேம் ஒன்றின் விலை இப்போது 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. 2025 ஏப்ரலில் தனியார் துறைக்கு அரசாங்கம் வைத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் பையன்கள் காசு சேர்த்து வாங்குகிறார்கள். கொப்பி கிடைக்காததால் இல்லை. ஒரிஜினல் வைத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நினைப்பதால்.

அந்த ஒரிஜினலில் எவ்வளவு உங்களுடையது? 2024 ஒக்டோபரில் ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தது: நீங்கள் வாங்குவது கேமைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. நல்ல மனசு வந்து எழுதவில்லை. டிஜிட்டல் பொருளை ‘வாங்கு’ என்று சொல்லி விற்றால், அது உரிமம்தான் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வர இருந்தது. அதற்கு முன்பும் அது உரிமமாகத்தான் இருந்தது, பொடி எழுத்தில்.

உரிமம் என்றால் என்ன என்பதை ‘த க்ரூ’ வாங்கியவர்கள் 2024 மார்ச் 31 அன்று தெரிந்துகொண்டார்கள். 2014இல் வந்த கார் ஓட்டும் கேம். தனியாக ஓட்டினாலும் அதை வெளியிட்ட யூபிசொஃப்ட் கொம்பனியின் சர்வரோடு பேசினால்தான் ஓடும். அன்று சர்வரை அணைத்தார்கள். டிஸ்க்கை அலுமாரியில் வைத்திருந்தவருக்கும் அது வெறும் வட்டத் தகடு ஆனது. சந்தா முறை வளர வேண்டுமென்றால் ஆட்கள் கேமைச் சொந்தமாக வைத்திருக்காமல் இருக்கப் பழக வேண்டும் என்று, அதே கொம்பனியின் சந்தாப் பிரிவு அதிகாரி ஒருவர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் பேசியிருந்தார். மூன்று மாதத்தில் பழக்கிக் காட்டிவிட்டார்கள்.

இதிலிருந்துதான் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் பிறந்தது. யூடியூபர் ரோஸ் ஸ்கொட் தொடங்கியது. இவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: சர்வரை நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தும்போது வாங்கியவன் தன் மெஷினில் எப்படியாவது ஓட்டிக்கொள்ள ஒரு வழி விட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஒன்றியத்துக் குடிமக்கள் மட்டுமே போடக்கூடிய கையெழுத்து. பாரிஸில் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளில் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை உள்ளவன் போடலாம், கல்லடியில் இருக்கிறவன் போட முடியாது. எங்கள் உரிமைக்காக வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டு நிற்பது எங்களுக்குப் புதிதும் இல்லை.

கொம்பனிகள் ஏன் இப்படி ஆயின என்பதற்கு ஒரு நியாயமான பக்கமும் இருக்கிறது. 2023இல் மைக்ரோசொஃப்ட், ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட் என்ற பெரிய கேம் கொம்பனியை வாங்குவதைத் தடுக்க அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. அதற்காக சோனி கொடுத்த ஆவணத்தில் இரகசிய எண்களை யாரோ மார்க்கர் பேனாவால் அழித்து, அப்படியே ஸ்கேன் செய்துவிட்டார்கள். மையின் அடியில் எண் தெரிந்தது! ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் 2’ செய்ய 22 கோடி டொலர், ‘ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட்’ செய்ய 21 கோடியே 20 லட்சம். எங்கள் சிடிக் கடை மார்க்கரே பரவாயில்லை. இவ்வளவு செலவு ஏறியபோதும் பெரிய கேமின் விலை 2005 வாக்கில் 60 டொலருக்கு வந்து அங்கேயே பதினைந்து வருடம் நின்றது. 2020இல் 70 ஆனது, 2025இல் நிண்டெண்டோ மாரியோ கார்ட் வேர்ல்டுக்கு 80 போட்டது. விலைச் சீட்டில் ஏற்ற முடியாததை இடைப்பட்ட காலத்தில் வேறு பக்கத்தால் எடுத்தார்கள்.

அந்த வேறு பக்கம் ஒரு குதிரையில் தொடங்கியது. 2006 ஏப்ரலில் ‘ஒப்லிவியன்’ கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்றார்கள். உலகமே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் பிறகு துப்பாக்கிக்கு வர்ணம் வாங்கினார்கள்.

குதிரைக் கவசமாவது என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியது. அடுத்து வந்தது பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பொக்ஸ். 2017இல் இஏ கொம்பனியின் ஸ்டார் வோர்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2இல் டார்த் வேடர் என்ற கதாபாத்திரத்தைத் திறக்க, கேமுக்குள் ஓடும் காசான கிரெடிட் 60,000 வேண்டியிருந்தது. அதைச் சேர்க்க 40 மணித்தியாலம் போகும் என்று ஒரு விளையாட்டாளர் கணக்குப் போட்டார். இல்லையென்றால் காசு கொடுத்துப் பெட்டி திறந்து கிரெடிட் சேர்க்கலாம். ஏற்கனவே முழு விலை கொடுத்தவர்கள் கேட்டபோது, உழைத்துத் திறந்தால்தான் பெருமையும் சாதித்த உணர்வும் வரும் என்று கொம்பனி பதில் போட்டது. ரெடிட் தளத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட எதிர்வாக்குகள் வாங்கி கின்னஸ் புத்தகத்தில் ஏறியது அந்தப் பதில். 2018 ஏப்ரலில் பெல்ஜியம் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் இன்றைக்குப் பெரிய கேம் என்றால் போன் கேம்தான். மாமாங்கத் திருவிழாவில் வளையம் எறிகிற கடை பார்த்திருப்பீர்கள். சவர்க்காரம், பொம்மை, நடுவில் ஒரு கைக்கடிகாரம். வளையம் கடிகாரத்தில் விழவே விழாது, தெரியும், ஆனாலும் எறிவோம். காசு முடிந்தால் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போவார், திருவிழா முடிந்தால் கடையும் போய்விடும். கெஞ்சின் இம்பாக்ட் போன்ற கேம்களில் அதே கடை சட்டைப்பைக்குள் இருக்கிறது. அதில் குலுக்கல் சீட்டு எடுப்பது மாதிரி இழுக்க வேண்டும். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு இழுப்பில் விழும் வாய்ப்பு 0.6 வீதம். அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 இழுப்புக்குள் ஒன்று கட்டாயம் உண்டு என்று ஒரு இரக்கமும் வைத்திருக்கிறார்கள். அந்த இரக்கம்தான் தூண்டில். 70 இழுத்தவன் அத்தோடு விடுவானா?

காசையும் நேராகக் கேட்கமாட்டார்கள். ரூபா டொலராகும், டொலர் வைரமாகும், வைரம் வேறொரு கல்லாகும், அந்தக் கல்லை 160 கொடுத்தால் ஒரு இழுப்பு. இத்தனை முறை மாற்றிய பிறகு ஒரு இழுப்புக்கு எத்தனை ரூபா போனது என்று கணக்கு வாத்தியாருக்கும் உடனே சொல்ல வராது. 2025 ஜனவரியில் கெஞ்சின் கொம்பனி அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2 கோடி டொலருக்குச் சமரசம் செய்தது. ஆணையத்தின் குற்றச்சாட்டில் இந்தக் குழப்பும் காசு மாற்றமும் ஒன்று. அதற்கு முன், 2022இல் ஃபோர்ட்நைட் கொம்பனி, தெரியாமல் பட்டனைத் தட்டி வாங்க வைத்த விவகாரத்தில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 24 கோடியே 50 லட்சம் டொலருக்கு ஒப்புக்கொண்டது. அந்தத் திருப்பிக் கொடுக்கும் பணமும் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத்தான். இங்கே ரீலோட் கடைக்காரரிடம் காசு கொடுத்து டொப்-அப் போட்டவனிடம் பற்றுச்சீட்டே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவதென்றால் எதைக் கொண்டுபோவது?

அளவும் ஒரு பிரச்சினை. 2019இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி, அப்டேட் மேல் அப்டேட் போட்டு கொம்பியூட்டரில் 200 ஜிபியைத் தாண்டியது. கலிபோர்னியாவில் உட்கார்ந்து செய்கிறவனுக்கு அது ஒரு தேநீர் குடிக்கிற நேரம். இங்கே நள்ளிரவுக்குப் பிறகுதான் இரவு டேட்டா. என் மருமகன் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும்பி டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுப்பான். விடிய ஏழு மணிக்கு என் தங்கச்சி ரௌட்டரைப் பிடுங்குவாள். மூன்று இரவு அப்படி இறக்கிய கேம் திறந்ததும் இன்னொரு அப்டேட் கேட்டது. பாதி வெந்த சோற்றை மேசையில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு வேக வைத்துத் தருகிறோம் என்கிற பழக்கம் இது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 எண்பது லட்சம் முன்பதிவோடு வந்தது, பழைய பிளேஸ்டேஷனில் ஓடவே மாட்டாமல் இடறியது. ஒரு வாரத்தில் சோனியே அதைக் கடையிலிருந்து எடுத்தது. பிறகு திருத்தினார்கள், இன்று அது நல்ல கேம். திருத்தும் வரை சோதித்துப் பார்த்த வேலையாட்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

இனி ரசிகர்கள். இதைச் சொன்னால் என் நண்பர்களே கோபப்படுவார்கள்.

எங்கள் மாவட்டத்தில் கொம்பு முறி என்று ஒரு பழைய விளையாட்டு உண்டு. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுக்கும். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அது தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களை வசைப் பாட்டால் வறுத்தெடுப்பார்கள். சோனியின் பிளேஸ்டேஷன்காரருக்கும் மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்பொக்ஸ்காரருக்கும் நடக்கும் சண்டையைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும், ஒரு வித்தியாசத்தோடு. கொம்பு முறியில் இழுக்கிற கொம்பு ஊருடையது. இங்கே இரண்டு கொம்பும் கொம்பனியுடையது, இழுக்கிறவனுக்கு அதில் ஒரு சிராய்கூடச் சொந்தமில்லை. 2024இலிருந்து மைக்ரோசொஃப்ட் தன்னுடைய கேம்களைப் பிளேஸ்டேஷனிலும் விற்கத் தொடங்கிவிட்டது. அதன் கொடிக் கம்பமாக இருந்த ஹேலோவும் வரப்போகிறது என்று 2025 ஒக்டோபரில் அறிவித்தார்கள். தளபதிகள் கை குலுக்கிவிட்டார்கள், சிப்பாய்கள் இன்னும் பங்கருக்குள்.

வசை விழுகிற இடமும் தப்பு. சைபர்பங்க் தள்ளிப்போனபோது அதைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கொலை மிரட்டல் போனது. அந்தக் கேமில் வரும் மின்னல் வெளிச்சத்தால் தனக்கு வலிப்பு வந்தது என்று எழுதி மற்றவர்களை எச்சரித்த பெண் விமர்சகர் ஒருவருக்கு, வலிப்பைத் தூண்டும் மின்னல் காணொளிகளை அனுப்பினார்கள். ஒரு கேமின் பெயரைக் காப்பாற்ற! அந்தக் கொம்பனியே அவர் சொன்னதைக் கேட்டு எச்சரிக்கை சேர்த்தது.

வீட்டுக்குள்ளும் பார்க்கிறேன். மருமகனின் அக்கா அவனைவிட நன்றாகச் சுடுவாள். பப்ஜியில் அவளுக்கு ஒரு ஆண் பெயர், மைக் எப்போதும் மூடியிருக்கும். ஒரு நாள் தவறித் திறந்துவிட்டாள். முதலில் “சிலோனா ப்ரோ?” என்று யாரோ சிரித்தார்கள்; அவள் பதில் சொன்னதும் ஸ்பீக்கரில் வந்ததை நான் இங்கே எழுத முடியாது. எல்லாம் தமிழில். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இது வழமைதான் மாமா” என்றாள். கொம்பனிகளின் பேராசையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

செய்கிறவர்களின் கதையும் கோபத்தில் காணாமல் போகிறது. மைக்ரோசொஃப்ட் 6,870 கோடி டொலருக்கு ஆக்டிவிஷனை வாங்கி முடித்தது 2023 ஒக்டோபரில். அடுத்த ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. மே மாதம், எல்லோரும் பாராட்டிய ஹை-ஃபை ரஷ் கேமைச் செய்த டோக்கியோ ஸ்டூடியோவை மூடப்போவதாகச் சொன்னது. பப்ஜிக்காரரான கிராஃப்டன் பிறகு அதை எடுத்து நடத்துகிறது. சோனியின் கொன்கோர்ட் என்ற கேம் 2024 ஓகஸ்ட் 23 வந்து செப்டம்பர் 6 அணைந்தது. அதற்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் செய்த ஸ்டூடியோ ஒக்டோபரில் மூடப்பட்டது. பதினான்கு நாள் ஓடிய கேம் ரசிகர்களுக்கு ஒரு பகிடி, அதில் பல வருடம் வேலை செய்தவனுக்குச் சமையலறையில் அடுப்பு. பெட்டியில் விலை வைத்தது அவன் இல்லை, சர்வரை அணைத்ததும் அவன் இல்லை.

நல்ல கேம் வராமலும் இல்லை. அடிலெய்டில் ஒரு சின்னக் குழு ஏழு வருடம் போலச் செதுக்கிய சில்க்சொங் 2025 செப்டம்பரில் 20 டொலருக்கு வந்தது, வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே சற்று நேரம் விழுந்தது. பெட்டி இல்லை, கல் இல்லை. மருமகன் அதை வாங்கினான். அவன் கேட்டு நான் கொஞ்சமும் முணுமுணுக்காமல் கார்டைக் கொடுத்த ஒரே கேம் அதுதான்.

அவனுடைய இன்னொரு கணக்கு போன மாதம் பூட்டப்பட்டது. கொம்பனியின் பெயர் வேண்டாம். இரண்டு வருடம் சேர்த்த கேம்கள் அதற்குள். கணக்கில் சொன்ன நாடும் நீங்கள் இருக்கும் நாடும் பொருந்தவில்லை, அடையாள அட்டை அனுப்புங்கள் என்று கடிதம். அவனிடம் இருப்பது இலங்கை அடையாள அட்டை, கணக்கில் இருப்பது அமெரிக்க முகவரி. உண்மையைச் சொன்னால் விதி மீறியவன், சொல்லாவிட்டால் யாரோ ஒருவனின் கணக்கைத் திருட வந்தவன். ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ என்று வந்தான். உட்கார்ந்து பணிவாக, நீளமாக எழுதினேன். மின் வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வைத்து மனு எழுதிய தலைமுறை, எழுத்துக்குக் குறைவில்லை. அனுப்பப் போனால் படிவத்தில் ஒரு பெட்டி நிரப்பாமல் கிடக்கிறது, நாட்டைத் தெரிவு செய்யட்டாம். பட்டியலை இழுத்தேன். அங்கும் நாங்கள் இல்லை.

“மறுகா என்ன மனே போடுற?” என்றேன்.

அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“ஸ்பெயின் எண்டு போடுங்க மாமா. அதான் கிட்ட.”